சாம்புவோடு புனே போகும் வள்ளிக்கு

தென்காசி,
ஞாயிறு காலை

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். புனே வேலை உறுதியானதும் அம்மா முதலில் கேட்டது வீட்டு வாடகையை. எனக்கு உன் பூனை சாம்புவின் நினைப்புதான் வந்தது. அவனையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று நீ சொன்னபிறகுதான் மனசு ஆறியது. 'பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை, யாரிடமாவது விட்டுவிட்டுப் போ' என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அது பாதிதான் உண்மை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பூனையின் கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. சாம்பு கதவு நிலையிலும் சோபா காலிலும் உன் கணுக்காலிலும் முகத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்காக மட்டும் இல்லை. அங்கெல்லாம் தன் வாசனையைப் பூசிவைக்கிறான். அந்த வாசனை அடிக்கிற இடத்தில்தான் அவனுக்குப் பயம் இல்லை. வீடு மாறும்போது ஒரே நாளில் அத்தனையும் போய்விடுகிறது. அதனால் நான் முதலும் முக்கியமுமாகச் சொல்வது இதுதான்: அந்த வாசனையையும் கூடவே எடுத்துக்கொண்டு போ. அவன் படுக்கிற பழைய போர்வையை இன்றிலிருந்து துவைக்காதே. எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சரி. அவனாக வந்து உரசும்போது ஒரு சின்னப் பருத்தித் துணியால் கன்னத்தைத் தடவி, அந்தத் துணியை அவனைக் கொண்டுபோகும் பெட்டியின் உள் மூலைகளில் தேய். கிளம்பும் அன்று அவன் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் மண் டிரேயிலிருந்து ஒரு கைப்பிடி பழைய மண்ணை ஒரு கவரில் கட்டி எடுத்துக்கொள். புனேயில் புது மண்ணோடு அதைக் கலந்துவிட்டால், எங்கே போகவேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில் பூனைகளை ஒயர் கூடையில் போட்டு, மேலே புடவைத் துண்டைக் கட்டிக் கொண்டுவருவார்கள். மேஜையில் எடுத்துவைத்தால் பூனை சத்தமே போடாது. 'சாதுவான பூனை சார்' என்பார்கள். அதன் கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருக்கும், காது பக்கவாட்டில் மடங்கியிருக்கும். தூக்கினால் இரும்பு மேஜையில் நான்கு பாதங்களின் ஈரத்தடம் தெரியும். பூனைக்குப் பாதத்தில்தான் வியர்க்கும். அது சாதுவாக இருக்கவில்லை, பயத்தில் உறைந்துபோயிருந்தது. சாம்புவும் அந்த ஜாதிதான். கத்தாமல் இருக்கிறான் என்பதை வைத்து நன்றாக இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடாதே. கண்ணையும் காதையும் பார்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒயர் கூடை, பிரம்புக் கூடை, அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியாக, முன்னாலும் மேலேயும் திறக்கிற மாதிரி வாங்கு. அவன் நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். வாங்கிய அன்றே கதவைத் திறந்து ஹாலில் வைத்துவிடு. நீங்கள் கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அது தாராளம். முதலில் பக்கத்தில் சாப்பாடு, அப்புறம் வாசலில், அப்புறம் உள்ளே. அவனாகவே உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்தபிறகு கதவைச் சாத்து. பிறகு காரில் வைத்துத் தெருக்கோடி வரை ஒரு சுற்று. ஒருநாளும் உள்ளே தள்ளாதே. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான், ஆனால் அது பயத்தைக் கூட்டுகிறது என்பதால் இப்போது மருத்துவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

ரயிலா, விமானமா, காரா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூபே, அதாவது இரண்டு பேருக்கான தனி அறை, முழுக்கக் கிடைத்தால்தான் கூடவே வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு வேனில் பிராணிகளுக்கென்று இருக்கிற பெட்டிதான். அந்தச் சத்தத்தில் தனியாகக் கிடக்க சாம்புவால் முடியாது. விமானத்தில் நீங்கள் பார்த்த டிக்கெட்டில் அவன் சரக்கோடு போகவேண்டியிருக்கும் என்றாயே, அதுவும் வேண்டாம். கார்தான் என் கருத்து. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புனே வரை 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றேதான். விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மே மாதத்து வேலூர் வெயில் ஏறுவதற்குள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். ஒரே மூச்சில் ஓட்டவேண்டாம். சித்ரதுர்காவிலோ தாவண்கெரேயிலோ இரவு தங்குங்கள். பூனையை அனுமதிப்பார்களா என்று இன்றைக்கே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்.

பெட்டியை முன்சீட்டுக்குப் பின்னால் கீழே, ஆடாமல் பொருந்துகிற மாதிரி வை. மேலே மெல்லிய பருத்தித் துண்டைப் போர்த்து, ஒரு பக்கம் காற்று வரத் திறந்திருக்கட்டும். கிளம்ப நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடு. இல்லையென்றால் சத்தாராவுக்கும் புனேக்கும் நடுவே மலைப்பாதை வளைவில் வாந்தி எடுப்பான். தண்ணீர் மட்டும் நிற்கிற இடங்களில் கொடு. வழியில் எவ்வளவு கத்தினாலும் பெட்டியைத் திறக்காதே, வள்ளிம்மா. இதில் மட்டும் இளகாதே. மாப்பிள்ளை ஓட்டும்போது பூனை பிரேக்குக்கு அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசி. டோல்கேட்டில் கண்ணாடி இறங்குகிற அந்தச் சில நொடியில் வெளியே பாய்ந்த பூனை நெடுஞ்சாலையில் திரும்பக் கிடைக்காது. சாப்பிட இறங்கும்போது ஒருவர் காரிலேயே இருங்கள், ஏசி ஓடட்டும். நிறுத்திய கார் வெயிலில் சில நிமிஷங்களிலேயே அடுப்பாகிவிடும். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான் என்றால் அது ஆபத்து. உடனே நிழலில் நிறுத்தி, பாதத்தையும் காதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பக்கத்து ஊர் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்.

மருந்து பற்றிக் கேட்டாய். கபாபென்டின் என்று ஒரு மருந்து உண்டு. பயந்த பூனைகளுக்குப் பயணத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுப்பார்கள். அளவை அவன் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்லவேண்டும். கிளம்பும் அன்று முதல்முறையாகக் கொடுக்காதே, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பார். கொஞ்சம் தள்ளாடி நடப்பான், அது பரவாயில்லை. நமக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. பாராசிட்டமால் அறவே ஆகாது. ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போதே ரேபிஸ் தடுப்பூசி தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, சான்றிதழை வாங்கிவிடு. புனே மாநகராட்சியில் பூனைக்கும் உரிமம் எடுக்கவேண்டும், அதற்கும் அது உதவும்.

பயணத்தைவிட எனக்குக் கவலை சாமான் ஏற்றுகிற நாள்தான். வாசற்கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். கட்டில் இழுக்கிற சத்தம், டேப் கிழிக்கிற சத்தம், தெரியாத ஆட்கள். பூனை தொலைந்துபோக இதைவிடத் தோதான நாள் கிடையாது. முந்தின இரவே படுக்கையறைக் குளியலறையில் அவன் போர்வை, மண், தண்ணீர், பெட்டி எல்லாவற்றையும் வைத்து அவனையும் விட்டுப் பூட்டிவிடு. சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். கதவில் 'திறக்காதீர்கள், உள்ளே பூனை' என்று பெரிதாக எழுதி ஒட்டு.

புனே வீட்டிலும் முதலில் ஒரு அறை மட்டும். சாமான் இறங்கி, ஆட்கள் போய், கதவைச் சாத்தியபிறகு பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நீ சும்மா உட்கார். வெளியே இழுக்காதே. ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வை, ஒளிய இடம் இருந்தால் பயம் சீக்கிரம் தெளியும். சாப்பாட்டை மண் டிரேக்குத் தள்ளி வை. அந்த அறையில் தாராளமாக நடமாட ஆரம்பித்தபிறகு அடுத்த அறை. ஏழாவது மாடி என்றாய். பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடிக்காமல் அவனை அந்தப் பக்கம் விடாதே. புறாவைப் பார்த்தால் உயரம் அவன் நினைவில் இருக்காது.

முதல் வாரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனி. ஒருநாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போ. பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், சாம்பு மாதிரி கொழுகொழுவென்று இருப்பவனுக்கு இன்னும் சீக்கிரம். இன்னொன்று, கடுவன் பூனைக்கு மன அழுத்தத்தில் மூத்திரம் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி மண்ணுக்குப் போய் முக்குகிறான், ஒன்றும் வரவில்லை, கத்துகிறான் என்றால் நடுராத்திரியானாலும் அப்போதே கிளம்பு. ஓரிரு நாளில் உயிரே போய்விடக்கூடிய விஷயம் அது. அதனால் புனேயில் இரவிலும் பார்க்கிற கால்நடை மருத்துவமனை எது என்பதைச் சென்னையிலிருந்தே விசாரித்து, நம்பரை மாப்பிள்ளை போனிலும் போட்டு வை.

சாமான் கட்டுகிற வாரத்தில் நான் வருகிறேன். பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள். நான் வருவதற்குள் சாம்புவின் எடையைப் பார்த்து எழுது. அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறு, பிறகு நீ மட்டும் ஏறிக் கழித்துக்கொள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
அப்பா