பிள்ளையைப் பார்க்க ஆளுண்டா?

குலசேகரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தவழத் தொடங்கிவிட்டான் என்று அறிந்து மகிழ்ந்தேன். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையை 60 மாதங்களுக்கு மட்டுப்படுத்தி, வேலைக்குப் போவதைக் கட்டாயமாக்கினாலும், ஒரு வயது நிறையாத குழந்தையோடு தனித்து வாழும் தாய்க்கு அந்த வேலைக் கட்டாயத்திலிருந்து விலக்களிக்க மாநிலங்களுக்கு இடம் தந்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து, எங்கள் தெருவில் ஏழு மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்தியின் நினைவாகவே இருக்கிறேன்.

அவள் கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பிடித்தால் அந்த வேலையும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை தவணை தவணையாக வந்து, வந்தபடியே கடனுக்குப் போயிற்று. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை பாலுக்கும் மருந்துக்குமே போதவில்லை. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரித்து வந்த அவளை மீண்டும் வரச் சொல்லி அழைக்கிறார்கள். அவளுக்கும் போக ஆசைதான். ஆனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. மாமியாரும் அதே இடத்தில் கொட்டை உடைக்கிறார். அங்கன்வாடியிலோ இரண்டு வயது ஆன பிள்ளைகளைத்தான் உட்கார வைக்கிறார்கள். அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சத்துமாவு மட்டும் வீட்டுக்குக் கிடைக்கும்.

சட்டம் இதை நினைக்காமல் இல்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தமே விதித்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் காப்பகம் வைப்பதோடு, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. சின்னச் சின்ன ஆபீசுகள் இந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. வந்தாலும், கொட்டை வறுக்கும் புகைக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைக் கிடத்த எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே காப்பகம் ஊருக்குள், வீட்டருகே இருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த வழியிருக்கிறது. அதை எங்கள் பகுதிக்கும் கேட்டு, மகளிர் குழுப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன். ஆலை தொடங்கும் காலை நேரத்துக்கே அது திறக்க வேண்டும் என்று மனுவில் தனியாக எழுதியிருக்கிறோம்.

ஓர் ஆயாவின் பொறுப்பில் எத்தனை கைக்குழந்தைகளை விடலாம் என்று அங்கே அமெரிக்காவில் விதித்திருக்கிறார்கள்? உன் மகளிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி