கட்டட ஆற்றல் பாடம் எடுக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நான் விட்டுப் போகிற கட்டட ஆற்றல் அமைப்புகள் பாடம் அடுத்த பருவத்திலிருந்து உன் கைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் மதியம் இரண்டு மணிக்குத் தலை சாய்ந்துகொண்டிருந்த ஆள்தான் நீ. கோபித்துக்கொள்ளாதே, அந்தத் தூக்கத்தைத்தான் பிற்பாடு நான் முதல் பாடமாக ஆக்கிக்கொண்டேன்.

முதல் நாள் ஸ்லைடு போடாதே. மூடிய அறையில் தூக்கம் ஏன் வருகிறது என்பதிலிருந்து ஆரம்பி. கதவைச் சாத்தி, ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரை மேசையில் வை. வெளிக்காற்றில் 420 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பக்கத்தில் இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். அறுபது பேருக்கு 18 லிட்டர். அறை பத்துக்கு எட்டு, உயரம் மூன்றரை மீட்டர் என்றால் 280 கன மீட்டர். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 64 பிபிஎம் ஏற வேண்டும். தொடக்கத்தில் இருந்த 420-ஐயும் சேர்த்தால் கால் மணி நேரத்தில் 1,380. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எல்லோரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருங்கள். அது கணக்கைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஏன் என்று கேள். கதவிடுக்கைக் காட்டி யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். காற்றுக் கசிவு அத்தியாயத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் வெப்பத்துக்கு வா. உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஆளிடமிருந்து சுமார் 115 வாட் வெளிவருகிறது. அதில் 70 வாட் அறைக்காற்றை நேராகச் சூடாக்கும். மிச்சம் 45 வாட் மூச்சிலும் வியர்வையிலும் ஆவியாகப் போகும். இந்த ஆவியோடு போவதுதான் உள்ளுறை வெப்பம் என்று வரையறையைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், மறந்தும்விடுவார்கள். நான் நான்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை மேசையில் வரிசையாக வைப்பேன். "ஒரு மணி நேரத்தில் நீங்கள் அறுபது பேரும் சேர்ந்து இந்த அறைக்குள் விடும் தண்ணீர் இவ்வளவு." முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்குப் பிறகு, ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்கு (காயில்) அடியில் தட்டு எதற்கு, அதிலிருந்து குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரே படத்தில் காட்டும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டைக் கண்டால் எல்லா வருடமும் மிரளுவார்கள். சார்ட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு தெர்மாமீட்டர் பொருத்தி, கையில் சுழற்றி ஈரப்பதம் அளக்கும் சைக்ரோமீட்டரை ஒரு மாணவியிடம் கொடு. நனைந்த திரி சுற்றிய தெர்மாமீட்டர் 24 டிகிரி, சும்மா இருக்கும் தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள். அந்த ஆறு டிகிரி எங்கே போயிற்று? அந்தக் கேள்வியோடு சார்ட்டுக்குள் நுழைந்தால், ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். 1902-இல் வில்லிஸ் கேரியர் முதலில் தீர்க்கப் போனது மனிதர்களின் புழுக்கத்தை அல்ல. ப்ரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் நீண்டு சுருங்கி வண்ணங்கள் தடம் மாறிய தொல்லையை. இதையும் சொல், கட்டடக்கலை மாணவர்கள் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வரைபவர்கள், பாதிப் பேர் கணக்குப் போடுபவர்கள். இவர்களுக்கு அவர்கள் அழகுப் பைத்தியம், அவர்களுக்கு இவர்கள் குழாய்க்காரர்கள். சேர்த்து உட்கார வைத்து, மேற்கே பார்த்த பத்து சதுர மீட்டர் கண்ணாடி ஒன்றைக் கொடு. சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது, சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விடுகிறது. 4.8 கிலோவாட். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3.5 கிலோவாட்தான். (டன் என்றால் இயந்திரத்தின் எடை என்று நினைப்பவர் வருடத்துக்கு ஒருவராவது இருப்பார். ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பம் என்று சொல்லிவிடு.) பென்சிலால் இழுத்த ஒரு கோடு கிட்டத்தட்ட ஒன்றரை டன் இயந்திரமாக மாடியில் போய் உட்காருகிறது என்று தெரிந்ததும், வரைகிறவர் கணக்குப் போடுகிறவரைத் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பிடித்த நிமிடம் அது.

சரி, என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். கட்டடத்தின் ஆற்றல் செலவைக் கணிக்கும் மென்பொருளைக் கற்பிக்க ஆரம்பித்த வருடம் ஒரு மாணவன் ஓர் அலுவலகக் கட்டடத்தின் சிமுலேஷனைக் கொண்டுவந்தான். வண்ண வண்ண வரைபடங்கள், நாற்பது பக்கம். வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 14 கிலோவாட் மணி என்று முடிவு. முதல் மதிப்பெண் போட்டேன். அடுத்த வருடம் மாதிரியாகக் காட்டலாம் என்று எடுத்துப் புரட்டினால், அவன் கொடுத்த விளக்குச் சுமையே சதுர மீட்டருக்கு 8 வாட், வருடத்துக்கு 2,500 மணி நேரம். பெருக்கினால் 20. விளக்குக்கே 20 என்றால் ஏசி, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 14 எப்படி வரும்? ஏதோ ஒரு அட்டவணையில் ஆட்களும் விளக்கும் பூஜ்யமாகக் கிடந்தார்கள். அவன் பார்க்கவில்லை, சரி. நான் ஏன் பார்க்கவில்லை? அன்றிலிருந்து ஒரு வழக்கம்: ரன் பட்டனை அமுக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் விடையை ஒரு துண்டுத் தாளில் மதிப்பிட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுக்க வேண்டும். தாளும் கணினியும் இரண்டு மடங்கு விலகினால் யார் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மதிப்பெண்ணில் பாதி அந்தத் தேடலுக்கு. இதை மட்டும் மாற்றாதே என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றது உன் இஷ்டம்.

தேர்வுத்தாள், வருகைப்பதிவு பற்றியெல்லாம் அலுவலகத்தில் சொல்வார்கள்.

கடைசியாக, ஒரு நாளாவது மாடிக்குக் கூட்டிப் போ. ஒருமுறை ஒரு கட்டடத்தின் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டை, அதாவது காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் பெரிய பெட்டியை, திறந்து காட்டினார்கள். வரைபடத்தில் ஆளுக்கு நொடிக்கு பத்து லிட்டர் வெளிக்காற்று என்று இருந்தது. அங்கே வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் என்ற தடுப்புக் கதவை முழுக்க மூடி, துருப்பிடித்த கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. மின்கட்டணம் ஏறுகிறது என்று மேலிடத்தில் சத்தம் போட்டார்களாம், ஆபரேட்டர் கட்டிவிட்டார். மாணவர்கள் அவரைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் மட்டும், "கட்டினதுக்கப்புறம் கீழே யாராவது தூங்குறாங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, மூன்றாவது மாடியில் மதியத்துக்கு மேல் தலைவலி புகார் வருவதாகச் சொன்னார். அன்று நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

சைக்ரோமீட்டர் அலமாரியின் இரண்டாவது தட்டில், நீலப் பெட்டியில் இருக்கிறது. திரி பழசாகிவிட்டது, மாற்றிவிடு. காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து, திரி சுற்றிய தெர்மாமீட்டரின் அளவு ஏறிவிடும்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்