மத்தேரா ரொட்டியும் கட்டிலடிக் கோழியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் பயணப் பகுதியில் தெற்கு இத்தாலியின் மத்தேரா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கும் குகை வீட்டை "அந்தக் கால நிம்மதியான கிராம வாழ்க்கை" என்று எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. நானும் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தவன்தான். நிம்மதி எந்த மூலையில் இருந்ததோ!

விக்கோ சொலிட்டாரியோ என்ற சந்தில் இருக்கிறது அந்த வீடு. பாறையைக் குடைந்தது, மனிதருக்கும் மிருகத்துக்கும் அது ஒன்றுதான் இடம். கட்டில் நல்ல உயரம், ஏனென்றால் தரை ஈரம் படுப்பவர் மேல் ஏறக்கூடாது, அடியில் கோழியும் சாமான்களும் இருக்க வேண்டும். மெத்தைக்குள் மக்காச்சோளச் சருகு. கொஞ்சம் உள்ளே போனால் கோவேறு கழுதை கட்டும் இடம், அதை ஒட்டியே சாணக்குழி. சின்ன மேசையில் ஒரே ஒரு பெரிய தட்டு, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அதில்தான் சாப்பாடு. இப்போது எல்லாம் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள், வாடை மட்டும் இல்லை, அது இருந்திருந்தால் கட்டுரையாளர் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

அப்புறம் அந்த ரொட்டி முத்திரைகள். "அழகிய நாட்டுப்புறக் கலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவை எதற்கு என்று சொல்ல வேண்டாமா? பெண்கள் ரவையைத் திரும்ப அரைத்த மாவில், முன்பே எடுத்து வைத்த புளித்த மாவைச் சேர்த்து வீட்டில் பிசைவார்கள், ஆனால் சுடுவதற்குத் தெருவில் இருந்த பொது அடுப்புக்குத்தான் கொடுத்தனுப்ப வேண்டும். பல வீட்டு ரொட்டி ஒன்றாக வேகும்போது யாருடையது எது என்று தகராறு வராமல் இருக்க, குடும்பத் தலைவரின் பெயர் எழுத்துகளைச் செதுக்கிய மர முத்திரையை மாவில் அழுத்திவிடுவார்கள். கைப்பிடியில் சேவல் மாதிரி ஏதாவது உருவம் இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் அதைச் செதுக்கிப் பிடித்த பெண்ணிடம் கொடுப்பதும், அவள் வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டாம். சரி, அதில் அழகு இருக்கிறதுதான். ஆனால் ஒரு தடவை சுட்டதை நாள்கணக்கில் வைத்துத் தின்ற வீடுகள் அவை, ஒரு ரொட்டி மாறிப் போனால்கூட வயிற்றில்தான் அடி. காய்ந்து கல்லான ரொட்டியையும் எறியமாட்டார்கள், தண்ணீரில் நனைத்துத் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார்கள். அதையே இன்று உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்.

மலேரியாவும் குழந்தைச் சாவும் அங்கே சகஜமாக இருந்ததால் அரசாங்கமே 1952இல் தனிச் சட்டம் போட்டுச் சுமார் 15,000 பேரைக் குகைகளிலிருந்து புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றியது. கட்டுரையில் 1993இன் யுனெஸ்கோ அங்கீகாரம் இருக்கிறது, 2019இன் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகர்ப் பட்டம் இருக்கிறது, மத்தேரா ரொட்டிக்கு 2008இல் கிடைத்த புவிசார் குறியீடுகூட இருக்கிறது. இந்தச் சட்டம் மட்டும் எப்படி விட்டுப்போனது?

அடுத்த இதழில் ஒரு சின்னக் குறிப்பாவது போடுங்கள். முடிந்தால், சிறு வயதில் அந்தக் குகைகளில் இருந்து லா மார்த்தெல்லா, ஸ்பினே பியாங்கே மாதிரிக் குடியிருப்புகளுக்கு மாறியவர்களிடம் யாரையாவது அனுப்பிப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். வயதாகிக்கொண்டே போகிறது அவர்களுக்கு.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்