ராத்திரி போனில் கேட்க வேண்டியது

ராயபுரம்

அன்புள்ள குமாருக்கு,

செல்விக்கு இப்போது 12 வாரம். போன பிரசவத்தில் பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உடம்பின் மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) வந்து 34-ஆம் வாரமே குழந்தையை எடுத்ததால், இந்த முறையும் அவளுக்கு ஆபத்து அதிகம். "பிரஷர் இப்ப நார்மல்தானேம்மா, எதுக்கு ஆஸ்பிரின் மாத்திரை?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி.

இந்த நோயில் பிரஷர் 20 வாரத்துக்கு மேல்தான் ஏறும். கோளாறு தொடங்குவது அதற்கு வெகு முன்பே. முதல் நான்கைந்து மாதத்தில் நஞ்சுக்கொடி கருப்பையின் சின்ன ரத்தக்குழாய்களை அகலமாக்க வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. அப்போது அது வெளிவிடும் பொருட்கள் தாயின் ரத்தக்குழாய், கிட்னி, ஈரல் எல்லாவற்றையும் பாதிக்கும். அதனால் ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பிரஷர் ஏறிய பிறகு தொடங்கிப் பயனில்லை.

டாக்டர் எழுதியிருப்பது 150 மி.கி.; கடையில் 75 மி.கி.தான் இருந்தால் இரண்டு. இரவு சாப்பிட்டபின், 36 வாரம் வரை. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரீ என்ற மருந்தாய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு இதே அளவு கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. நாள் தவறாமல் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். அதனால் தினமும் போனில் "சாப்பிட்டியா"வோடு "மாத்திரை போட்டியா" என்றும் கேள். கரு கலைந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாராவது பயமுறுத்துவார்கள். இந்தச் சின்ன அளவுக்கு அந்தப் பயம் வேண்டாம். அல்சரோ, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, அதனால் இளைப்போ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்லட்டும்.

கால்சியம் 500 மி.கி. காலையும் இரவும் சாப்பாட்டோடு. இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்; சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. கேழ்வரகுக் கூழும் முள்ளோடு தின்கிற நெத்திலியும் நல்லது. உப்பில்லாமல் சாப்பிடுவதாலோ படுத்தே கிடப்பதாலோ இந்த நோயைத் தடுக்க முடியாது.

பிரஷர் மெஷின் மேல்கையில் கட்டுவதாக வாங்கு. மணிக்கட்டு மெஷின் வேண்டாம். பட்டை அவள் கைக்குச் சின்னதாக இருந்தால் பிரஷரைக் கூட்டிக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்காரணும். கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதி வைக்கட்டும்.

140/90 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகணும். 160/110 என்றாலோ, விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுவோம். கால் வீக்கம் பலருக்கும் வரும். முகமும் கையும் திடீரென்று வீங்கினால்தான் கவலை.

குழந்தை பிறந்ததும் முடிந்துவிடாது. பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போகலாம், வலிப்பும் வரலாம். லீவு கேட்கும்போது பிரசவத் தேதிக்குப் பிந்தைய பத்து நாளையும் சேர்த்துக் கேள்.

அம்மா