பாக் நீரிணையை நீந்திக் கடப்போருக்கு ஒற்றைச் சாளர அனுமதியும் துணைப்படகுச் செலவும் கோரும் மனு

அனுப்புநர்:
கடல் நீச்சல் பயிற்சியாளர்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
சென்னை.

பொருள்: தலைமன்னார் – தனுஷ்கோடி நீச்சலுக்கான அனுமதி நடைமுறையை எளிதாக்கவும், துணைப்படகுச் செலவை ஏற்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இராமேசுவரம் கடலில் பிள்ளைகளுக்கு நெடுந்தூர நீச்சல் கற்றுக்கொடுத்து வருகிறேன். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து பாக் நீரிணை வழியாகத் தனுஷ்கோடி வரையுள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டரை நீந்துவதைவிட, நீந்துவதற்கான அனுமதியை வாங்குவதே கடினமாக இருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2008 பெய்ஜிங் முதல் ஒலிம்பிக்கில் நடந்துவரும் கடல் நீச்சலின் தூரம் 10 கிலோமீட்டர்தான். எங்கள் பிள்ளைகள் அதைப்போல் மூன்று மடங்கு நீந்துகிறார்கள்.

1994ஆம் ஆண்டில் குற்றாலீஸ்வரன் தம் 12ஆம் வயதில் பாக் நீரிணையைக் கடந்ததும், அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட ஆறு கடற்பகுதிகளை நீந்தி, 1966இல் ஒரே ஆண்டில் ஐந்தைக் கடந்திருந்த மிகிர் சென்னின் சாதனையை முறியடித்ததும், பின்னர் அர்ஜுனா விருது பெற்றதும் தாங்கள் அறிந்தவையே. அப்பேர்ப்பட்டவரே தொடர்ந்து பொருளுதவி கிடைக்காமல் நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனார். நீந்தத் தெம்பில்லாமல் நின்றவர் அல்லர் அவர்.

மாறாக, மிகிர் சென் 1966 ஏப்ரலில் இதே நீரிணையை நீந்தியபோது, அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் உதவியோடு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடன் சென்றன. துணை வருவதை ஆடம்பரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1971இல் இலங்கையின் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தி 51 மணி நேரத்தில் ஊர் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தனே, 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரிழந்தார்.

எங்கள் கடலில் வாடைக்காற்று ஓய்ந்து, தென்திசைக் காற்றான சோழகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட மார்ச்சும் ஏப்ரல் முற்பகுதியுமே நீந்த ஏற்ற காலம். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகு கிடைப்பதும் அரிது. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்திக்கு, ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து கடைசிக் கடிதம் கைக்கு வந்தபோது மே மாதம் பிறந்து, காற்றும் எழுந்துவிட்டது. மறு ஆண்டு அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அதன்பின் அவள் கடலுக்கு வரவில்லை. படகுக்காக அவள் தந்தை வாங்கிய கடன் மட்டும் நின்றது.

அனுமதி அளிப்பது ஒன்றிய அரசின் கையிலும் இலங்கை அரசின் கையிலும் இருப்பதை அறிவேன். ஆயினும் விண்ணப்பங்களை அக்டோபரிலேயே ஒரே இடத்தில் பெற்று, வெளியுறவு, உள்துறை, கடலோரக் காவல்படை எனத் தனித்தனியே பெற்றோர் அலையாதபடி ஆணையமே அனுப்பி, பிப்ரவரிக்குள் முடிவைத் தெரிவிக்க இயலும் என்று நம்புகிறேன். தகுதித் தேர்வில் தேறிய தமிழக வீரர்களுக்கு இரண்டு துணைப்படகுகள், ஒரு மருத்துவர், நீந்துபவர் படகைத் தொடாமல் கடந்தாரா என்று சான்றளிக்கும் பார்வையாளர் ஆகியோருக்கான செலவை ஆணையம் ஏற்குமாறும் வேண்டுகிறேன். இவற்றுள் ஒன்றை மட்டுமே இவ்வாண்டு செய்ய இயலுமெனில், முதலில் அனுமதி நடைமுறையைச் சீர்செய்து தாருங்கள். படகுக்கு ஊரில் கைகொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

வரும் மார்ச்சில் நீந்த மூன்று பிள்ளைகள் ஆயத்தமாக உள்ளனர். அவர்களுடைய மருத்துவச் சான்றுகளையும் பயிற்சிப் பதிவுகளையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடல் நீச்சல் பயிற்சியாளர்