பால் கருகின வாசம் அப்பாவுக்கு தெரியல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

முதுகுத்தண்டு நீரை எடுத்து பார்க்கின்சன்ங்கற நடுக்க நோயை கண்டுபிடிக்கிற டெஸ்ட் பத்தி போன வாரம் உங்க பேப்பர்ல ஆறேழு வரி வந்திருந்துச்சு, எங்கப்பாவுக்கு இந்த நோய் வந்து ஒம்பது வருஷம் ஆனதால அதை நாலு தடவ படிச்சேன், அதுல விட்டுப்போனத சொல்லத்தான் இந்த லெட்டர்.

ஆல்ஃபா சினூக்ளின்னு ஒரு புரோட்டீன், நம்ம எல்லார் மூளையிலயும் இருக்கறதுதான். பார்க்கின்சன்ல அது கோணலா மடங்கி ஒண்ணோட ஒண்ணு கட்டிக்குது, கொஞ்சூண்டு இருந்தாலும் பக்கத்துல இருக்குற நல்லதையும் தன்ன மாதிரி ஆக்கிரும், பால்ல விட்ட உறை மோர் மாதிரி. லேப்லயும் அதேதான் நடக்குது, எடுத்த நீர்ல நல்ல புரோட்டீனை சேத்து குலுக்கி குலுக்கி வைக்கிறாங்க, கோணல் இருந்தா உறைஞ்சு கட்டியாகும், கூட கலந்த சாயம் ஒளிரும். 2023ல லான்செட் நியூராலஜிங்கற மருத்துவ பத்திரிகைல வந்த ஆய்வுல 1,123 பேர பாத்திருக்காங்க, நோய் இருக்குறவங்கள்ல சுமார் 88 சதவீதம் பேருக்கு இருக்குன்னு காட்டியிருக்கு. அதுலயும் வாசனை தெரியாம போனவங்கன்னா 97, மூக்கு நல்லா இருக்குறவங்கன்னா 63தான்.

இந்த மூக்கு விஷயம்தான் எனக்கு மனசு ஆறல. கை நடுக்கம் வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு நாள் அடுப்புல பால் பொங்கி அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை, அப்பா பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கார், அம்மா வந்து திட்டினதும் முழிக்கிறார். கவனமில்லைன்னு நெனச்சோம். ராத்திரி தூக்கத்துல கத்தி கால உதைப்பார், கெட்ட கனவுன்னு விட்டோம். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம் வாங்கி கொடுத்தோம். இதெல்லாம் இந்த நோயோட ஆரம்ப அறிகுறியா இருக்கலாம்னு அப்ப தெரியல. கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாகி பேங்க்ல செக்கை திருப்பி கொடுத்தப்பதான் டாக்டர்கிட்டயே போனோம், அவரும் வயசுன்னு சொல்லி ஒரு வருஷம் போச்சு.

முதுகுல நீர் எடுத்தா கால் விளங்காம போயிரும்னு எங்க சொந்தக்காரங்க இன்னும் சொல்றாங்க. தண்டுவடம் முடியுற எடத்துக்கும் கீழதான் ஊசி போடுவாங்க, சிலருக்கு ரெண்டு மூணு நாள் தலைவலி இருக்கும், அதையும் நீங்க எழுதியிருக்கலாம். அதே மாதிரி டெஸ்ட் இல்லைன்னு காட்டினா நோய் இல்லைன்னு அர்த்தம் ஆகாது, எவ்வளவு முத்தியிருக்குன்னும் அது சொல்லாது, நோயை நிறுத்துற மருந்தும் இன்னும் வரல. அதனால நல்லா இருக்குறவங்க பயந்துபோய் இந்த ஊசிக்கு ஓட வேண்டியதில்ல, நடைய பாத்து கைய மடக்கி பாத்து நரம்பு டாக்டர் சொல்றதுதான் இன்னைக்கும் முதல் வழி.

ஆனா வீட்டுல பெரியவங்களுக்கு வாசனை தெரியலன்னா, தூக்கத்துல உதைச்சா, கையெழுத்து சுருங்கினா நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்கன்னு அடுத்த தடவ இந்த செய்தி போடறப்ப ரெண்டு வரி சேத்து போடுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்க வாசகி, திருச்சி