ஃபிளிப்பர் பணத்தைக் கையாடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்க ராணுவத்தின் கறுப்பின வீரர்களைப் பற்றி வந்த கட்டுரையில் லெப்டினன்ட் ஹென்றி ஃபிளிப்பருக்கு இரண்டே வரிதான். 1877-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறி வெளிவந்த முதல் கறுப்பர், பிறகு அரசுப் பணத்தைக் கையாடி வேலை இழந்தவர். முதல் வரி சரி. இரண்டாவது வரி பெரிய தவறு, ஏனென்றால் கையாடல் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்ததே அவரை விசாரித்த ராணுவ நீதிமன்றம்தான்.

நடந்தது இது. 1881-இல் டெக்சாஸின் டேவிஸ் கோட்டையில் உணவுப் பொருள் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பணத்தைத் தன் அறையில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார், அதில் ஏறக்குறைய 3,800 டாலர் குறைந்துபோனது. மேலதிகாரி கர்னல் ஷாஃப்டரிடம் அதைச் சொல்லாமல் மறைத்தார், பொய் சொன்னார், தனக்குக் கணக்கே இல்லாத வங்கியின் பேரில் செக்கும் எழுதினார். இது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்களும் நண்பர்களும் சேர்ந்து சில நாட்களிலேயே முழுத் தொகையையும் கட்டிவிட்டார்கள், அரசுக்கு ஒரு காசு நட்டமில்லை. அதிகாரிக்குத் தகாத நடத்தை என்ற குற்றம் மட்டும் நின்றது. ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியே தண்டனையைக் குறைக்கலாம் என்று எழுதியும், ஜனாதிபதி ஆர்தர் பணிநீக்கத்தை உறுதிசெய்தார். 1882 ஜூன் 30-ஆம் தேதியோடு வேலை போனது.

ஜார்ஜியாவில் 1856-இல் அடிமையாகப் பிறந்தவர் அவர். கல்லூரியில் நான்கு வருஷம் சக மாணவர்கள் அவரோடு பேசிப் பழகாமல் ஒதுக்கியே வைத்திருந்தார்கள், அதையும் தாங்கித்தான் தேறினார். அப்புறம் சில் கோட்டையில், இன்றைய ஓக்லஹோமாவில், அவர் செய்த வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழைத்தண்ணீர் கோட்டையைச் சுற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி மலேரியா பரவிக்கொண்டிருந்தபோது, இந்த இளம் அதிகாரி நிலத்தின் மட்டத்தை அளந்து, வாட்டம் பார்த்து, வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வடித்தார். அது இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது, 1977-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். எனக்கு அவருடைய பட்டத்தைவிட இந்த வாய்க்கால்தான் பெரிதாகத் தெரிகிறது.

வேலை போன பிறகும் மெக்சிகோவிலும் எல்லைப் பகுதியிலும் நில அளவையாளராக உழைத்தார், ஸ்பானிஷ் நிலச் சட்டங்களில் தேர்ந்து அமெரிக்க நீதித்துறைக்கே வேலை பார்த்தார். பெயரை மீட்க 1898 முதல் நாடாளுமன்றத்தை நாடினார், எந்த மசோதாவும் நிறைவேறவில்லை. 1940-இல் இறந்துபோனார். 1976-இல்தான் அந்தத் தண்டனை அளவுக்கு மீறியது, நியாயமற்றது என்று கண்டு அதைக் கௌரவமான விடுவிப்பாக ராணுவம் மாற்றியது. 1999 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி கிளின்டன் முழு மன்னிப்பு வழங்கினார்.

அவரை விசாரித்தவர்களே சுமத்தாத பழியை நம் பத்திரிகை சுமத்தலாமா? அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் போடுங்கள், இணையப் பதிப்பிலும் அந்த வரியை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை